லயத்து மூப்பர்: மலையகத் திருச்சபையில் ஒரு பொறுப்பின் வரலாறு

தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை நோக்கி ஏறும் ரயில் அடுத்து நிற்கும் இடம் வட்டகொடை. அதற்கு மேலே கிரேட்வெஸ்டர்ன். 1885இல் நானுஓயா வரை பாதை திறக்கப்பட்டபோது, இலைநோயில் கோப்பி அழிந்த இந்தச் சரிவுகளில் தேயிலை பரவிக்கொண்டிருந்தது. காட்டை வெட்டித் தோட்டம் போட்ட துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஹோலிரூட், லோகி, பூண்டுலோயாப் பக்கம் டன்சினேன் என்று ஸ்கொட்லாந்து இன்றைக்கும் தோட்டத்துப் பெயர்ப்பலகைகளில் இருக்கிறது.

எடின்பரோவில் ஹோலிரூட் என்பது அரண்மனை. ஆண்டுதோறும் ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை கூடும் நாட்களில் மன்னரின் பிரதிநிதி அங்கேதான் தங்குவார். பேரவையில் அவருக்கு ஆசனம் உண்டு, வாக்கு கிடையாது. அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட சண்டை இருக்கிறது. 1596இல் ஃபோக்லண்ட் அரண்மனையில் அன்ட்ரூ மெல்வில் என்ற போதகர் ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, கிறிஸ்துவின் இராச்சியத்தில் நீர் தலைவரும் அல்லர், பிரபுவும் அல்லர், ஓர் அங்கத்தவர் மட்டுமே என்ற பொருள்பட முகத்துக்கு நேரே சொன்னார். சபையை நடத்துவது போதகரும், சபையார் நடுவிலிருந்து எடுக்கப்பட்ட மூப்பர்களும் சேர்ந்து உட்காரும் மன்றம். அதில் அரசனுக்கும் நிலவுடைமைக்காரனுக்கும் மேலிடம் இல்லை என்பது அந்தத் திருச்சபையின் உயிர்நாடி.

அப்படிப்பட்ட திருச்சபையில் வளர்ந்தவர்கள், தங்கள் தோட்டங்களில் வேலைசெய்த தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு எப்படிப்பட்ட திருச்சபையைக் கொடுத்தார்கள்? மலையகத்தில் மூப்பர் என்ற பொறுப்பைப் பற்றிப் பேச இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே நல்லது. வேத வசனங்களை அடுக்கி மூப்பரின் தகுதிகளைச் சொல்லும் பிரசங்கங்களுக்குக் குறைவில்லை. அந்தத் தகுதிகள் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் வந்தபோது என்ன ஆயின என்று கேட்பவர்கள்தான் குறைவு.

முதலில் அந்த மன்றத்தின் கதை. 1541இல் ஜெனீவா நகரத் திருச்சபைக்குக் கல்வின் வகுத்த ஒழுங்கில் நான்கு பொறுப்புகள் இருந்தன: போதகர், வேத ஆசிரியர், மூப்பர், உதவிக்காரர். மூப்பர்கள் 12 பேர். அவர்கள் நகரசபைகளிலிருந்தே எடுக்கப்பட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆட்சியின் கை அங்கேயும் உள்ளே இருந்தது. ஸ்கொட்லாந்தில் இந்த முறை ஊருக்கு ஊர் இறங்கியபோதுதான் குத்தகை விவசாயியும் நெசவுக்காரனும் போதகரோடு சமமாக உட்கார்ந்து ஊர் விவகாரம் பேசும் நிலை வந்தது. அதை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. மூப்பர்கள் அண்டை வீட்டாரின் படுக்கையறை வரை விசாரித்தார்கள், தண்டம் போட்டார்கள், குற்றவாளியைச் சபை முன் நிறுத்தி வெட்கப்படுத்தினார்கள். அந்த மன்றத்தின் கையில் அகப்பட்ட கவிஞர் ராபர்ட் பேர்ன்ஸ் ஒரு மூப்பரின் போலிப் பக்தியைக் கிழித்து எழுதிய அங்கதம் இன்றும் வாசிக்கப்படுகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் பின்வாங்கவில்லை. ஊரின் நிலவுடைமைக்காரரே போதகரை நியமிக்கலாம் என்ற சட்டம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. சபை விரும்பாத ஆளையும் அவர் திணிக்கலாம். நூறாண்டுக்கு மேல் இழுபட்ட அந்த வழக்கு 1843இல் வெடித்தது. 474 போதகர்கள், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், வீட்டையும் சம்பளத்தையும் கோயிலையும் விட்டு வெளியேறிச் சுயாதீனத் திருச்சபையை அமைத்தார்கள். பெருந்தொகையான மூப்பர்களும் சபையாரும் அவர்களோடு போனார்கள். இலங்கை மலைகளில் கோப்பிக்காகக் காடு விழுந்துகொண்டிருந்ததும் அதே ஆண்டுகளில்தான். நிலத்துக்குச் சொந்தக்காரன் சபைக்குச் சொந்தக்காரன் அல்லன் என்ற வாதத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறையிலிருந்துதான் துரைமார் பலர் கப்பலேறினார்கள்.

இங்கே வந்து அவர்கள் செய்தது வேறு. 1854இல் சி.எம்.எஸ். என்ற அங்கிலிக்கன் மிஷன் சங்கம் கண்டியை மையமாகக் கொண்டு தோட்டத் தமிழருக்கென்று ஒரு பணியைத் தொடங்கியது. ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பதே அதன் பெயர். அந்தப் பெயரைத் தமிழில் எழுதும்போது இன்றும் கை கூசுகிறது. பல சபைப் பிரிவுகளைச் சேர்ந்த துரைமார் அதற்குச் சந்தா கொடுத்தார்கள். திருநெல்வேலித் திருச்சபையிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். தோட்டம் தோட்டமாக நடந்து, வேலை முடிந்த பின் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில் கூட்டம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, மழையிலும் அட்டைக்கடியிலும் அவர்கள் செய்த வேலை பெரியது. மலையகத்தில் பள்ளிக்கூடம் என்ற எண்ணத்தை முதலில் கொண்டுவந்தவர்களில் அவர்களும் உண்டு.

ஆயினும் அமைப்பைப் பார்க்க வேண்டும். உபதேசியாரை அனுப்பியது மிஷன். சம்பளத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் துரைமார் முக்கியமானவர்கள். தோட்டத்துக்குள் கால்வைக்கத் துரையின் அனுமதி வேண்டும். தங்களுக்கென்று கண்டியில் ஸ்கொட்ஸ் கிர்க் என்ற கோயிலை எழுப்பி அதில் மூப்பர்களோடு உட்கார்ந்தவர்கள், தொழிலாளருக்கு மூப்பர் மன்றமே இல்லாத அங்கிலிக்கன் முறைக்குப் பணம் கட்டினார்கள். இதில் சதி எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கையருகே இருந்த மிஷனுக்கு உதவினார்கள், அவ்வளவுதான். ஆனாலும் 1843இல் தங்கள் ஊரில் எதிர்க்கப்பட்ட நிலவுடைமைக்காரரின் நாற்காலியில், கடல் தாண்டியதும் அவர்களே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

தோட்டத்தில் அதிகாரம் எப்போதும் மேலிருந்து கீழே வந்தது. பெரியதுரை, சின்னதுரை, கிளாக்கர், கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி. கங்காணிதான் ஊரிலிருந்து ஆள் கட்டிவந்தவர், முன்பணம் கொடுத்தவர், அவர் கீழ் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாதபடி தொழிலாளியைக் கட்டிவைத்த ‘துண்டு’ முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. தன் கடன் எவ்வளவு என்று அறியாத மனிதன், தன் கடனை எழுதிவைத்திருந்தவரின் கீழே வாழ்ந்தான். கங்காணி கிறிஸ்தவராக இருந்துவிட்டால், ஞாயிறு கூட்டத்துக்கும் அவர் சொல் இல்லாமல் இடமும் கிடைக்காது, ஆளும் வராது. அப்படியான இடத்தில் சபையின் மூத்தவர் யார் என்று யாரும் வாக்கெடுக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு வினோதமும் உண்டு. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் சபையை மேற்பார்வை செய்பவருக்கு வழங்கும் பெயர் கண்காணி. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் வாசிக்கப்படும்போது, கண்காணி குடிக்கு அடிமையாகாதவராக, அடிக்காதவராக, பண ஆசை இல்லாதவராக இருக்க வேண்டும் என்ற செய்தி லயத்துக்காரர் காதில் விழுந்தது. கேட்டவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எந்த மிஷன் அறிக்கையிலும் தேடிப் பயனில்லை.

புதிய ஏற்பாட்டில் மூப்பர்களைப் பற்றி வரும் இடங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் பளிச்சென்று தெரிவது அவர்கள் எப்போதும் பலராக இருப்பதுதான். லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் அந்தியோகியாவிலும் பவுலும் பர்னபாவும் சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்துகிறார்கள். எபேசுவின் மூப்பர்களை மிலேத்துவுக்கு அழைத்துப் பேசும் பவுல், தான் யாருடைய வெள்ளியையும் பொன்னையும் விரும்பாமல் சொந்தக் கைகளால் உழைத்ததை நினைவூட்டுகிறார். வியாதிப்பட்டவன் மூப்பர்களை அழைக்கட்டும் என்கிறார் யாக்கோபு, அங்கேயும் பன்மை. பேதுரு தன்னையும் உடன் மூப்பன் என்றே சொல்லிக்கொண்டு, மந்தையை அடக்கி ஆளாதீர்கள் என்று எச்சரிக்கிறார். ஒரு சபைக்கு ஒரே ஒரு மூப்பர் தலைவராக இருந்து நடத்தும் காட்சி அங்கே இல்லை. தனி ஆயரின் கீழ் மூப்பர்களும் உதவிக்காரரும் என்ற ஏணி இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியா இஞ்ஞாசியாரின் கடிதங்களில் தெளிவாகத் தெரிகிறது. ஆயரும் மூப்பரும் ஆதியில் ஒருவரே என்று நான்காம் நூற்றாண்டின் ஜெரோமே எழுதினார்.

அதே தீமோத்தேயு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் இன்னொரு விதி சொல்கிறது. மூப்பர் மீது குற்றம் சாட்டலாம், ஆனால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும். குற்றம் உண்மையானால் எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்க வேண்டும். எளிய ஒரு மனிதன் தன் தலைவர் மேல் முறைப்படி புகார் சொல்ல வழி இருக்கிறது; அதை விசாரிக்கத் தலைவரின் கூட்டாளிகளுக்கும் கடமை இருக்கிறது. தோட்டத்தில் கங்காணி மேல் புகார் சொல்லப் போனவன் அதே கங்காணியின் வாய்வழியாகத்தான் துரையிடம் போக வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் மலையகத்தில் மூப்பரைப் பற்றி எழுதுவது வீண்.

இந்தத் தீவில் மூப்பர்கள் தேயிலைக்கு இருநூறு ஆண்டு மூத்தவர்கள். ஒல்லாந்தர் தங்கள் சீர்திருத்தத் திருச்சபையை 1642இல் காலியில் தொடங்கினார்கள். மூப்பர்களும் உதவிக்காரரும் அடங்கிய சபைமன்றம் அதற்கு உண்டு. ஆனால் அந்த மன்றத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி அரசின் ஆணையாளர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார். போதகருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பனி. மூப்பர்களில் பலர் கம்பனி உத்தியோகத்தர்கள். உத்தியோகம் வேண்டியவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். கம்பனி போனதும் கிராமத்துச் சபைகள் காற்றில் பறந்தன. கொழும்பு வுல்ஃபெண்டால் கோயில் நின்றது, பறங்கியர் நடுவில் திருச்சபையும் நின்றது. ஆனால் பதிவேடுகளில் இருந்த இலட்சக்கணக்கான பெயர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கோயிலுக்கும் விகாரைக்கும் திரும்பிவிட்டன.

அதே காலத்தில் ஒல்லாந்தர் தடைசெய்த கத்தோலிக்கரின் கதை நேர்மாறு. குருமாருக்கு நாட்டில் இடமில்லை, அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கும் கடும் தண்டனை. 1687இல் கோவாவிலிருந்து கூலிக்காரன் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்துசேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் பல ஆண்டுகள் தன்னந்தனியாக இருந்தார். கண்டி அரசன் அவரை ஒற்றன் என்று சிறையில் வைத்தான். பிறகு அவரையே மதித்தான். 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறக்கும் வரை அவர் தீவு முழுக்க நடந்தார். ஒரு மனிதன் எத்தனை ஊரில் பூசை வைக்க முடியும்? ஆகவே ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியையும் ஏற்படுத்தினார். ஞாயிறு மன்றாட்டை நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்வது, சாகும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, மரித்தோரை அடக்கம் செய்வது, குரு வருவதற்கு முன் ஊரைத் தயார்செய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. சம்பளம் இல்லை; பிடிபட்டால் சவுக்கடி உண்டு. சிங்களக் கத்தோலிக்க ஊர்களிலும் இந்த இரண்டு பதவிகளும் தமிழ்ப் பெயரோடே ஏறிநின்றன. 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தபோது எல்லாரும் அவரைக் கொண்டாடினோம். அந்த மூப்பர்களின் பெயர்கள் நம்மிடம் மிகக் குறைவு. நூறாண்டுக்கு மேலான தடையைத் தாண்டி அந்தத் திருச்சபையைக் கரைசேர்த்ததில் பாதிப் பங்கு அவர்களுடையது என்பது என் எண்ணம்.

கம்பனி மூப்பரும் தலைமறைவு மூப்பரும் ஒரே நூற்றாண்டில் ஒரே தீவில் வாழ்ந்தவர்கள். முதலாமவர் மேல் அவரை நியமித்தவரின் கண் இருந்தது. இரண்டாமவருக்கு ஊர் மட்டுமே துணை. மலையகம் இந்த இரண்டில் எதன் பக்கம் சாய்ந்தது?

திருநெல்வேலியை நினைத்துப் பார்த்தால் பதில் துலங்கும். உபதேசியார்கள் அங்கிருந்து வந்தவர்கள்தானே? அங்கே 1799இல் நிலம் வாங்கிக் கிறிஸ்தவர்களைக் குடியேற்றி முதலூர் என்ற ஊரையே உண்டாக்கினார்கள். 1830இல் ரேனியஸ் ஐயர் தொடங்கிய தரும சங்கம் கோயிலுக்கும் பள்ளிக்கும் மனை வாங்கவே ஏற்பட்டது. சி.எம்.எஸ். செயலாளர் ஹென்றி வென், தன் காலில் நின்று தன்னைத்தானே ஆண்டு தானே பரவும் திருச்சபை என்ற கொள்கையை ஓயாமல் எழுதிவந்தார். 1860களின் முடிவில் திருநெல்வேலியில் உள்ளூர்த் திருச்சபைச் சங்கங்கள் ஏற்பட்டு, பனையேறிகளின் பிள்ளைகள் கணக்குக் கேட்கும் இடத்துக்கு வந்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912இல் தோர்ணக்கலுக்கு ஆயரானார். அவர் மேலே வந்தது அந்த மண்ணிலிருந்து.

தோட்டத்தில் இதே மனிதர்களுக்கு இது நடக்காததற்குக் காரணம் பக்திக் குறைவு இல்லை. காலடி நிலம் அவர்களுடையது இல்லை. கோயில் கட்டிய மண் தோட்டத்துடையது, குடியிருந்த காம்பிரா என்ற லய அறையும் தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும், வீடு போனால் சபையும் போகும். துரையோடு முரண்பட்ட மூப்பர் அடுத்த ஞாயிறு அந்தத் தோட்டத்தில் இருப்பாரா என்பதே நிச்சயமில்லாத இடத்தில் மூப்பர் மன்றம் எப்படி வேர்விடும்? சாதியும் ஒரு காரணம். கங்காணிமாரில் பலர் மேல்சாதிக்காரர்; தொழிலாளரில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், சக்கிலியர். 1833இலேயே ஆயர் டானியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றுமடல் அனுப்பியிருந்தார். சுற்றுமடல் லயத்துக் கோடிகளுக்கு வந்துசேர எத்தனை காலம் பிடித்தது என்பதை அந்தந்தத் தோட்டத்தின் பந்தி வரிசையைக் கேட்டுத்தான் அறியவேண்டும்.

தொழிலாளி தன் ஆளைத் தானே எடுக்கும் பழக்கம் தோட்டத்துக்குள் பரவலாக வந்தது வேறு வழியாக. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கம். தோட்டத்துக்கு ஒரு கமிட்டி, ஒரு தலைவர். பெரிய கங்காணியைத் தாண்டி நேரே துரையோடு பேச ஓர் ஆள் முதல்முறையாகக் கிடைத்தார். வட்டகொடைப் பக்கத்து மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை கங்காணிக் குடும்பத்துப் பிள்ளை. அவரே தொழிற்சங்கவாதியாகி, 1947 பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் வென்றவர்கள் 7 பேர். மறுஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் பெரும்பாலானோருக்கு வாக்குச்சீட்டே இல்லை.

அந்த நாட்டில், அந்த ஆண்டுகளில், ஒரு தேயிலைத் தொழிலாளி கையைத் தூக்கி யாரையாவது தெரிவுசெய்யக்கூடிய இடங்கள் இரண்டுதான் மிஞ்சின: தொழிற்சங்கம், சபை ஆண்டுக்கூட்டம். நாடற்றவர் என்று சட்டம் சொன்ன மனிதர் தன் சபையில் கணக்குப் பார்த்தார், பதிவேட்டில் ஒப்பமிட்டார், பேரவைக்குப் பிரதிநிதியாகப் போனார். இதைத் திருச்சபை வரலாற்றாசிரியர்கள் இன்னும் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை என்பது என் குறை. பின்வந்த 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரசாவுரிமை கேட்டவர் திருமணமானவரானால் 7 ஆண்டு, ஆகாதவரானால் 10 ஆண்டு இடைவிடாத வதிவைக் காகிதத்தால் நிரூபிக்க வேண்டும். காகிதமே இல்லாத மக்களிடையே பெயரையும் தேதியையும் ஒழுங்காக எழுதிவைப்பது சபை நிருவாகம் மட்டுமல்ல என்று அன்றைய மூப்பர்களுக்கு யாரும் விளக்கவேண்டியிருந்திராது.

1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரு தலைநகரங்கள் பங்கிட்டன. தலைமன்னார்க் கப்பல் 1984இல் நிற்கும் வரை குடும்பம் குடும்பமாகப் போனார்கள். மூப்பரும் போனார், அவரைத் தெரிந்தெடுத்தவர்களும் போனார்கள். நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் அதே தேயிலை, அதே கொழுந்துக்கூடை. புதிய சபையில் அவர்கள் பின்வரிசைச் ‘சிலோன்காரர்’. இங்கே மிஞ்சிய சபைகளில் அனுபவப்பட்டவர்கள் அருகிப்போக, இளைஞர் ஒருவர் தூக்கமுடியாத சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டார்.

இன்றைய மூப்பரின் வேலை என்ன? போதகருக்கு ஐந்தாறு தோட்டங்கள், சில இடங்களில் அதற்கும் மேல். அவர் ஒரு தோட்டத்துக்கு மாதத்தில் ஒருமுறை இருமுறை வருவார். மற்ற நாட்களில் சபை என்பது மூப்பரும் அவர் வீட்டுக்கதவும்தான். இரவு பதினொரு மணிக்குப் பிரசவவலி கண்டால் வாகனம் பிடித்து லிந்துலை ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியாவுக்கோ அனுப்புவது, கூடப் போகிறவர் கையில் காசு திணிப்பது, காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்குப் போகமுடியாதவருக்காகக் கங்காணியிடம் சொல்லிவைப்பது. யாக்கோபு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொன்னார். இங்கே ஜெபத்தோடு முச்சக்கரவண்டிக்காரரின் தொலைபேசி இலக்கமும் வேண்டும்.

சாவு வீட்டில் அவர் பாடு இன்னும் கடினம். தோட்டத்துக் குடும்பங்களில் அண்ணன் கிறிஸ்தவர், தம்பி மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர் என்பது சாதாரணம். தப்பு அடிக்கலாமா, எட்டாம் நாள் சாப்பாடு வைக்கலாமா, கருமாதிக்கு மூத்த மகன் மொட்டை போடலாமா என்று உறவுகள் இழுக்கும். போதகர் வந்துசேர மாலையாகும். அதுவரை இரண்டு பக்கத்தாரும் முகம் முறியாமல் இருக்கப் பேசவேண்டியவர் மூப்பர். சபைக்கு வெளியே உள்ளவர்களிடமும் நற்பெயர் எடுத்தவராக இருக்கவேண்டும் என்ற தகுதியைப் பவுல் ஏன் சேர்த்தார் என்பது பிரசங்கத்தில் புரிவதைவிட இங்கே சீக்கிரம் புரியும். கோயில் கமிட்டித் தலைவர் அவர் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தால்தான் பெட்டி அமைதியாக இறங்கும்.

இப்படியான கவனிப்பு திட்டமிட்டுப் பிறப்பதில்லை என்பதற்கு மெதடிஸ்த வரலாற்றில் ஓர் அழகான சான்று. 1742இல் பிரிஸ்டல் நகரில் ஜோன் வெஸ்லியின் சங்கத்துக்குக் கட்டடக் கடன். கப்பல் தலைவர் ஒருவர் யோசனை சொன்னார்: பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று, வாரம் ஒரு பென்னி வசூலிக்கட்டும், இல்லாதவர் பங்கை அவரே கட்டட்டும். வசூலுக்குப் போனவர்கள் வீட்டு நிலவரத்தோடு திரும்பினார்கள். இன்னார் குடிக்கிறார், இன்னார் வீட்டில் அடுப்பு எரியவில்லை. வசூல்காரர் மேய்ப்பராகிவிட்டார். அந்த மெதடிஸ்தர் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள். ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு காம்பிரா. வெஸ்லியின் கணக்கு அச்சாகப் பொருந்தும் இடம் இது. லயத்துக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துவிட்டால் ஒரே மூப்பர் எல்லாச் சாவிகளையும் சுமக்கத் தேவையில்லை. இதைச் செய்யும் சபைகள் குறைவு. ஒருவர் இருபது முப்பது ஆண்டு ஒரே பொறுப்பில் இருப்பதைத்தான் நாம் சேவை என்று பாராட்டிப் பொன்னாடை போர்த்துகிறோம்.

பொன்னாடைக்கு அடியில் பழைய தோட்டம் ஒளிந்திருக்கிறது. துரை ஒருவர், பெரிய கங்காணி ஒருவர், சங்கத் தலைவர் ஒருவர் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு மூப்பரும் ஒருவராகவே தெரிகிறார். காணிக்கைப் பெட்டியின் சாவி, நிவாரணப் பட்டியலில் யார் பெயர் என்ற முடிவு, ஆயர் இல்லத்திலிருந்து வரும் கடிதம் எல்லாம் ஒரு கைக்குப் போனால் அவர் நல்லவரானாலும் பொறுப்பு கெட்டுப்போகும். பெந்தகொஸ்தே சபைகள் இந்த முடிச்சை அவிழ்க்கும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். 1920களில் இந்தத் தீவில் பிறந்த சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கியவர்களில் ராமன்குட்டி பவுல் ஒருவர். மேல்நாட்டு மிஷன் பணமின்றி எழுந்த இயக்கம் அது. பின்வந்த சிறு சபைகள் பல, லயத்துப் பிள்ளையே லயத்தில் போதகராகலாம் என்று காட்டின. அது சிறிய மாற்றமல்ல. ஆனால் அவற்றில் பலவற்றில் தொடங்கியவரே போதகர், அவரே பொருளாளர், வீட்டுக்காரியே மாதர் சங்கத் தலைவி. பழைய சபைகளில் கூட்டக் குறிப்பேடாவது இருக்கும்.

பெண்களைப் பற்றி இவ்வளவு தூரம் பேசாமல் வந்ததே இந்தக் கதையின் இலட்சணம். மலையில் கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை மேய்க்கும் கங்காணி ஆண். ஞாயிற்றுக்கிழமை பாயில் உட்கார்ந்திருப்பவர்களிலும் பெண்களே அதிகம்; முன்னால் நிற்பவர் ஆண். நோயாளியைக் கவனிப்பது, பிடியரிசி சேர்ப்பது, குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து பக்கத்துக் காம்பிராக்காரியைக் கூட்டிவந்து படுக்கவைப்பது எல்லாம் அவர்களே செய்கிறார்கள். மூப்பரின் வேலையில் பாதிக்கு மேல் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. பெயரும் வாக்கும்தான் இல்லை. இந்த மலைகளுக்குப் பெயர் கொடுத்த ஸ்கொட்லாந்துத் திருச்சபை 1966இல் பெண்களை மூப்பராக ஏற்றது. இங்கே குடி, குடும்ப வன்முறை பற்றிய புகார்களை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து விசாரிக்கும் வரை, இரண்டு மூன்று சாட்சிகள் வந்து நிற்கமாட்டார்கள்.

அழைப்பு என்ற சொல்லைச் சபைகளில் நாம் பெரும்பாலும் உள்மனக் குரலுக்கு வைத்திருக்கிறோம். ஒருவர் தனக்குத் தரிசனம் கிடைத்தது என்று சாட்சி சொல்வார். மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். மூப்பரின் அழைப்பு பிறர் வாயிலிருந்து வருகிறது. வியாதிக்காரன் அழைக்கிறான், சாவு வீடு அழைக்கிறது, சபை கூடி இன்னார் வரட்டும் என்கிறது. அந்த அழைப்பு திரும்பப்பெறக்கூடியதாகவும் இருக்கவேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறும் மூப்பர் குழு, இருவர் கையொப்பம் இல்லாமல் எடுக்கமுடியாத பணம், ஆண்டுக்கூட்டத்தில் வாசிக்கப்படும் கணக்கு என்ற உலர்ந்த ஏற்பாடுகளில் எனக்கு நம்பிக்கை அதிகம். பிலிமத்தலாவை இறையியற் கல்லூரி 1963 முதல் போதகர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் பயிற்றுவிக்கிறது. மூப்பர்களைப் பயிற்றுவிக்க மலையகத்தில் அதற்கு ஈடான ஏற்பாடு வேண்டும்: கணக்கெழுதுதல், சட்ட உதவி, முதலுதவி, வேதம், இந்த வரிசையிலேயே இருந்தாலும் குற்றமில்லை.

நிலத்தின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. 1970களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் நிருவாகத்துக்கு வந்தன. குத்தகை 2045 வரை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை கொடுத்தது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற திட்டம் சில தோட்டங்களில் வீடாகி நிற்கிறது, பலவற்றில் பேச்சாகவே இருக்கிறது. வாக்குரிமையுள்ள குடிமகனாகிய மூப்பர், தோட்டத்து இடுகாட்டில் ஒரு குழி வெட்டுவதற்கு இன்றும் முதலில் போய் நிற்பது தோட்டத்து ஒஃபீஸ் வாசலில். கோயிலும் கல்லறையும் நிற்கும் துண்டு நிலத்தைச் சபைகளின் பெயருக்கு எழுதிக்கொடுக்கும்படி திருச்சபைகள் ஒன்றுசேர்ந்து கேட்கலாம். மாரியம்மன் கோயில் கமிட்டிக்கும் அதே தேவை இருப்பதால், இருவரும் சேர்ந்தே கேட்கலாம்.